‘தயங்கும்’ பெண் நிருபர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மகளிர் தினச் சிறப்பிதழில் ஊடகப் பெண்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இளஞ்சிவப்பு அட்டை, வழவழப்பான தாள், எல்லாம் அழகு. நடுவே ஒரு வரி: “இரவுப் பணிக்கும் களப்பணிக்கும் பெண்கள் தயங்குகிறார்கள்.” யாரைக் கேட்டு எழுதினார்களோ! கட்டுரையில் கருத்துச் சொல்லியிருக்கும் நால்வரும் ஆண்கள்.

நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போக நள்ளிரவு தாண்டிவிடும். அதற்குமேல் வீடு போய்ச் சேர அலுவலக வண்டி கிடையாது. கேட்டால், “அதற்குத்தானேம்மா உங்களுக்குப் பகல் ஷிப்ட்” என்பார் மேலாளர். பகலில் எனக்கு வந்தவை கோலப் போட்டி, ஆடிப்பூரம், வத்தக்குழம்பு. பதவி உயர்வு சமயத்தில், “நீங்கள் முதல் பக்கம் பார்த்ததே இல்லையே” என்று அவரே வருத்தப்பட்டார். பாவம், மறதி.

களப்பணியையும் சொல்லிவிடுகிறேன். நிருபராகச் சேர்ந்த புதிதில் ஒரு கொலை வழக்குக்காகக் காவல் நிலையம் போனேன். ஆய்வாளர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார் யாரும் வரவில்லையாம்மா?” என்றார். வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னார். எனக்குப் பிறகு வந்த வேறு பத்திரிகைக்காரர் நேரே உள்ளே போய், டீ குடித்து, முதல் தகவல் அறிக்கையின் நகலோடு வெளியே வந்தார். நான்தான் தயங்கினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2018 ஏப்ரலில் கேள்வி கேட்ட பெண் செய்தியாளரின் கன்னத்தைத் தட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டார் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித். அதையொட்டிப் பெண் செய்தியாளர்களை இழிவுபடுத்தும் பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகருக்குத் தண்டனை வந்தது 2024-இல். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா? ஆளுநரைக் கண்டித்துத் தலையங்கம் எழுதத் தெரிந்த நம் பத்திரிகைகள், சொந்த அலுவலக மாடிப்படியில் நடப்பதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925-இலேயே ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார் என்று கட்டுரை பெருமைப்படுகிறது. சரி, நூறு ஆண்டு கழித்துத் தங்கள் ஆசிரியர் குழுவில் எத்தனை பெண்கள்? பொடி எழுத்துப் பெயர்ப் பட்டியலைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். பக்க வடிவமைப்பில் ஒருவர் அகப்பட்டார்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், பெண்தான் அதற்குத் தலைவர், குழுவை அமைத்த ஆணையை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். ஓய்வு பெறும்வரை அப்படியொரு தாளை என் அலுவலகச் சுவரில் நான் பார்க்கவில்லை. ஆயுத பூஜை நன்கொடைப் பட்டியல் மட்டும் தவறாமல் ஒட்டப்படும்.

மறுப்பு வெளியிடச் சொல்லி நான் கேட்கவில்லை. தங்கள் அலுவலகக் குழு உறுப்பினர்களின் பெயர்களை அடுத்த இதழில் ஒரு சிறு கட்டத்துக்குள் போடுங்கள். தற்காலிக, ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் அந்தச் சட்டம் உண்டு. தங்களுக்குச் செய்தி அனுப்பும் பெண்களுக்கு யாரிடம் போவது என்றாவது தெரியட்டும். இடம் போதாவிட்டால் ராசிபலனில் இரண்டு வரி குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர்,
திண்டுக்கல்.