பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. இனிமேல் அனுப்பாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள், நானும் அதையேதான் சொல்கிறேன். மாடி அறைப் பியானோவுக்குச் சுருதி சேர்த்தாயிற்று. அப்புறம், நியூ ஜெர்சி அத்தை பேசினாள். சரி, அது இருக்கட்டும். குளிரில் கையுறை இல்லாமல் வெளியே போகாதே.

அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸைப் பற்றி ஓயாமல் பேசுவாயே, அவர் கதையை இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். நியூயார்க்கில் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் படித்துப் பட்டம் வாங்கியவர், அது போதாதென்று 1964இல் பாரிஸ் போய் நாடியா பூலாஞ்சே என்ற இசை ஆசிரியையிடம் அடிப்படையிலிருந்து மறுபடி கற்றிருக்கிறார். அப்படிப்பட்டவர் நியூயார்க் திரும்பி வீட்டுச் சாமான் தூக்கினார், குழாய் வேலை பார்த்தார், டாக்ஸி ஓட்டினார். 1976 நவம்பரில் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் அவருடைய 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' என்ற ஆபரா, அதாவது இசை நாடகம், இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் அரங்கு நிறைந்தது, மிஞ்சியது கடன். திரும்பவும் டாக்ஸிக்கே போனார். இரவில் வண்டி ஓட்டி முடித்து, வீட்டுக்கு வந்து விடியும்வரை எழுதி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகுதான் படுப்பாராம். 'சத்தியாகிரகா' எழுதும் வாய்ப்பு வந்த பிறகுதான் வண்டியை விட்டார், அப்போது வயது 41. காந்தியின் தென்னாப்பிரிக்க நாட்களைக் கீதையின் சமஸ்கிருத வரிகளாலேயே பாடவைத்த ஆபரா, 1980இல் ராட்டர்டாமில் அரங்கேறியது. உனக்கு இன்னும் 30 ஆகவில்லை.

எந்த வேலை பார்த்தாலும் வீட்டில் சொல்லலாம் பாப்பா. நீ பியானோவில் எட்டாம் கிரேடு தேர்வு முடித்தபோது தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். உன்னைப் பற்றிய சேதி அடுத்தவர் வாயிலிருந்து வந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

கிளாஸின் அப்பா பால்டிமோரில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். விற்காத தட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து, இதில் என்ன குறை என்று கண்டுபிடிக்கத் திரும்பத் திரும்பக் கேட்பாராம். கேட்டுக் கேட்டு அந்தப் புதிய இசையே அவருக்குப் பிடித்துப் போயிற்று. நீ கடைசியாக எழுதி அனுப்பிய இசையை நானும் தினமும் ராத்திரி போட்டுக் கேட்கிறேன். நடுவில் இடது கை மட்டும் தனியாகப் போகும் இடம் இப்போது எனக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லையே, ஏன்?

இன்னொன்று. நீ எழுதிய இசையின் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதே. கிளாஸ் பல வருஷம் தன் இசையை வெளியாருக்குக் கொடுக்கவே இல்லை. வேண்டுமென்றால் அவர் குழுவைத்தான் கூப்பிட வேண்டும், அதனால் அவர்களுக்குக் கச்சேரி கிடைத்தது. காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்பு. உரிமை உன்னிடமே இருக்கட்டும்.

தன் கைப்பழக்கம் தேற வேண்டும் என்று ஐம்பது தாண்டி அவர் எழுதத் தொடங்கிய பியானோ எட்யூடுகள், அதாவது பயிற்சி உருப்படிகள், இருபது. முடிக்கும்போது எழுபது தாண்டிவிட்டது. அதனால் நேரம் போய்விட்டது என்று மட்டும் நீ நினைக்கக் கூடாது. ஆனால் கை விட்டுப்போகக் கூடாது பாப்பா. கையுறை போடு. வேளைக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. என்ன வேலை, எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாய் என்றெல்லாம் நான் கேட்கமாட்டேன். பியானோ முன்னால் உட்கார நேரம் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் மறைக்காமல் சொல். இல்லையென்றால் ஆறு மாத வாடகை நான் அனுப்புகிறேன். அம்மாவிடம் பேசியாகிவிட்டது.

அன்புடன்,
அப்பா