தலையணைக்குள் இருந்த கட்டு

அன்புள்ள தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மகன் போனதிலிருந்து முழங்கால் போட்டால் வாய் வரவில்லை, விசுவாசமே போய்விட்டதோ என்று பயப்படுகிறாய். 1965இல் குடும்பத்தோடு பர்மாவை விட்டுக் கப்பல் ஏறிப் போனபோதுகூட நீ இப்படி உடைந்து எழுதியதில்லை. இரண்டு நாள் எனக்குப் பதில் எழுத ஓடவில்லை.

நானும் அந்த நிலையில் இருந்தவள்தான். 2021 ஜூலையில், கொரோனா சமயம், ரங்கூன் முழுக்க ஆக்சிஜனுக்கு அலைந்தார்கள். பெரியவன் காலி சிலிண்டரோடு விடிய விடிய வரிசையில் நின்றான். நிரப்பிக்கொண்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் அடங்கிவிட்டார். அந்தச் சிலிண்டர் ஒரு மாதம் கூடத்திலேயே கிடந்தது, தொட மனசு வரவில்லை. வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிந்தது. கோயிலுக்குப் போவதும் நின்றது.

எதிர்வீட்டு கரேன் இனத்து அக்கா தினமும் சாயங்காலம் வருவாள். கரண்ட் இருக்காது. மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு, ஆறுதல் ஒன்றும் சொல்லாமல், தன் பாஷையிலேயே ஜெபிப்பாள். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. கடைசியில் வரும் ஆமென் மட்டும் புரியும், அதை நானும் சொல்வேன். ஏழெட்டு மாதம் என் ஜெபம் அவ்வளவுதான்.

ஞாயிறு பள்ளியில் கேட்ட அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயர் கதை ஞாபகம் இருக்கிறதா? 1813இல் இந்த ஊருக்கு வந்தவர், 1819இல்தான் முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தப் பொறுமையைத்தான் அன்று பெரிதாக நினைத்தோம். இப்போது என் மனசு அதே கதையில் வரும் தலையணையிடம் போய் நிற்கிறது. 1824இல் ஆங்கிலேயரோடு சண்டை மூண்டதும் ஐயரை அன்றைய தலைநகரமான ஆவாவில் சிறையில் போட்டார்கள். அவர் பர்மியில் மொழிபெயர்த்து எழுதி, இன்னும் அச்சுக்குப் போகாத புதிய ஏற்பாட்டை அவர் மனைவி ஆன் அம்மா ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். யாரும் ஆசைப்படாதபடி அவ்வளவு கட்டியான தலையணை. அடுத்த வருஷம் கைதிகளை வேறு இடத்துக்கு இழுத்துப் போனபோது காவலாளி மேலே சுற்றியிருந்த பாயை உருவிக்கொண்டு, உள்கட்டை வீசி எறிந்துவிட்டான். மாங் இங் என்ற விசுவாசி, ஐயர் நினைவாக இருக்கட்டும் என்று அதை எடுத்துப் போனார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது! பல மாதம் கழித்துப் பார்த்தால், எழுதினது அப்படியே இருந்தது.

ஐயர் கையில் அது இல்லாத அத்தனை நாளும் இன்னொருவர் வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது. என் விசுவாசமும் அப்படித்தான் எதிர்வீட்டில் இருந்தது. அப்புறமும் ஐயருக்கு லேசாக இல்லை. 1826இல் ஆன் அம்மா போனார், மறுவருஷம் குழந்தையும். காட்டுக்குள் தனியே போய், கல்லறைக் குழி வெட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். 1834இல் முழு வேதாகமத்தையும் முடித்தவரும் அவர்தான்.

அதனால் நீ உன்னை வருத்திக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை போய்க் கடைசி பெஞ்சில் உட்கார், போதும். பாட வேண்டாம், மற்றவர்கள் பாடட்டும்.

மார்ச் 2025 நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். மண்டலே, சகாய்ங் பக்கம்தான் அடி பலம், நாங்கள் சுகம்.

உன் பெயரைக் கரேன் அக்காவுக்குப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நாக்கில் சரியாகப் புரளவில்லை, ஆனாலும் தினமும் சொல்கிறாள். நான் ஆமென் சொல்கிறேன்.

உன் பழைய தோழி