பணிநலக் குழுவில் சேர்ந்திருக்கும் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் மருத்துவமனையில் செவிலியர் பணிநலக் குழு ஒன்றை அமைத்து, அதில் உன்னையும் ஓர் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள் என்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். குழுவின் முன் வைக்கப்பட்டிருக்கும் முதல் யோசனை வாரம் ஒரு தியான வகுப்பு, அடுத்தது மன உறுதிப் பயிற்சி என்று எழுதியிருந்தாய். இவற்றை எதிர்க்கவும் மனம் வரவில்லை, இவை போதும் என்று ஒப்பவும் மனம் வரவில்லை, ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று சொல் என்று கேட்டிருந்தாய். இரவுப் பணியை விட்டு முழுநேரமும் கற்பிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு வாசிக்க நேரம் கிடைக்கிறது. அந்த வாசிப்பில் பெரும்பகுதி நீ கேட்டிருக்கும் பொருளைச் சுற்றியே இருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கூட்டத்தில் யாரும் எடுக்கத் தயங்கும் பேச்சை, அதாவது ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதை, எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வை நீ கேள்விப்பட்டிருப்பாய். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், அந்தச் செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதமும் உயர்ந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். இந்த இரண்டு எண்களையும் மக்கள் தனித்தனியாக மேற்கோள் காட்டுகிறார்கள். நோயாளி பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்கள் முதலாவதையும், ஊழியர் நலத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டாவதையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே மருத்துவமனைகளில், ஒரே காரணத்தைத் தொட்டு ஏறிய எண்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2014-இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில், 300 மருத்துவமனைகளில், நான்கு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்விலும் இறப்பு வாய்ப்பு அதே 7 சதவீதம் உயர்ந்திருந்தது.

இதற்கான காரணத்தை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் உள்ளே இரத்தம் கசிந்தாலும், தொற்று உடலெங்கும் பரவத் தொடங்கினாலும், அதை முதலில் காட்டுவது மூச்சின் வேகமும், நாடியும், நோயாளியின் முகத்தில் தோன்றும் ஒரு சிறு மாற்றமும்தான். அவற்றைக் காண ஒருவர் படுக்கையருகே நிற்க வேண்டும். நேரம் போதாதபோது ஊசியும் மருந்தும் நிற்பதில்லை. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, அச்சத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசுவது ஆகியவைதான் முதலில் விடுபடுகின்றன. விடுபட்டது எது என்பதை நன்கு அறிந்தவராக ஒரு செவிலியர் வீடு திரும்புகிறார். பணிச்சோர்வின் வேர் உழைப்பின் மிகுதியில் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. செய்யத் தெரிந்ததை, செய்ய விரும்பியதைச் செய்ய முடியாமல் போவதில் அது இன்னும் ஆழமாக இருக்கிறது.

இவையெல்லாம் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள்தாமே, ஆட்களைக் கூட்டினால் உண்மையில் மாற்றம் வருமா என்று உங்கள் நிதித்துறை கேட்கும். அதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைச் சுட்டிக்காட்டு. அங்கே 2016-இல் பகல், மாலைப் பணிகளில் சராசரியாக நான்கு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்ற குறைந்தபட்ச விகிதத்தை 27 பொது மருத்துவமனைகளில் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். விகிதம் கட்டாயமாக்கப்படாத 28 மருத்துவமனைகளுடன் அவற்றை ஒப்பிட்டு 2021-இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். ஆள்பலம் மேம்பட்ட இடங்களில் இறப்பும், மறுபடியும் மருத்துவமனையில் சேர்வதும், தங்கும் நாட்களும் சாதகமாக மாறியிருந்தன. அதைவிட, மறுசேர்க்கையும் தங்கும் நாட்களும் குறைந்ததால் தவிர்க்கப்பட்ட செலவு, கூடுதலாக எடுத்த செவிலியர்களுக்கான செலவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. நிதியைக் கவனிப்பவர்களிடம் இந்த ஒரு வரியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பணிச்சோர்வுக்கும் சிகிச்சையின் தரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் தர வேண்டியிருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, பணிச்சோர்வுள்ள மருத்துவர்களிடம் நோயாளி பாதுகாப்புப் பிழைகளுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதாகச் சொன்னது. அந்த ஆய்வுகள் பலவற்றில் பிழையைக் கணக்கிட்டது மருத்துவர்களின் சொந்த வாக்குமூலத்தைக் கொண்டுதான். சோர்ந்திருப்பவர் தன்னைக் கடுமையாக மதிப்பிடுவது இயல்பு என்பதால், அந்த எண்ணை அப்படியே தூக்கிப் பிடிக்க எனக்குத் தயக்கம் உண்டு. இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், பெரிய பிழை ஒன்றைச் செய்துவிட்டதாக உணர்ந்தவர்களிடம் பிற்பாடு பணிச்சோர்வும் மனச்சோர்வும் கூடின. சோர்ந்திருந்தவர்கள் அடுத்து வந்த மாதங்களில் பிழை செய்ததாகச் சொல்வதும் கூடியது. சோர்வு பிழைக்கும், பிழை சோர்வுக்கும் இட்டுச் செல்கின்றன. ஆகவே பிழை நேர்ந்த அன்று ஒரு செவிலியரை எப்படி நடத்துகிறோம் என்பதும் உங்கள் குழுவின் பொறுப்பில் வர வேண்டும். விசாரணைக் குறிப்பாணை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது அடுத்த நோயாளிக்கும் ஆபத்து.

இப்போது பணி நேரத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், ஏனென்றால் இங்கே இரண்டு ஆய்வுகள் எதிரெதிராக நிற்கின்றன. பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பயிற்சி மருத்துவர்களைக் கொண்டு நடத்தி, 2004-இல் வெளியிட்ட சோதனையில், 24 மணி நேரத்துக்கும் மேல் நீளும் பழைய பணிமுறையில் கடுமையான பிழைகள், அந்த நீண்ட பணிகளை நீக்கிய முறையைக் காட்டிலும் 35.9 சதவீதம் அதிகமாக நிகழ்ந்தன. உறங்காத மனம் பிழை செய்யும் என்று நாம் எல்லோரும் உடலால் அறிந்ததை அது எண்ணால் உறுதிப்படுத்தியது. அந்தச் சோதனையை வழிநடத்திய கிறிஸ்டோபர் லாண்ட்ரிகனின் தலைமையிலேயே, குழந்தைகளுக்கான ஆறு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனையிலோ, பணி நேரத்தைக் குறைத்தபோது பிழைகள் குறையவில்லை, கூடின. முதலில் வாசித்தபோது திகைத்துப்போனேன். பிறகு அட்டவணைகளைப் பார்த்தால் விடை அங்கே இருந்தது. நேரத்தைக் குறைத்தவர்கள் அதற்கேற்ப ஆட்களைக் கூட்டவில்லை. பழைய முறையில் ஒரு பயிற்சி மருத்துவரின் பொறுப்பில் சராசரியாக 6.7 குழந்தைகள் இருந்தார்கள்; புதிய முறையில் அது 8.8 ஆகியிருந்தது. இந்தச் சுமை வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும், பிழைகளின் உயர்வுக்கும் புதிய முறைக்கும் தொடர்பு தெரியவில்லை. நன்கு உறங்கிவிட்டு வந்தவர்கூட, தாங்க முடியாத எண்ணிக்கையில் நோயாளிகளைக் கையில் எடுத்தால் பிழை செய்கிறார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் குழுவில் யாராவது ஆட்களைக் கூட்டாமலேயே பணிப்பட்டியலை மாற்றி எழுதிவிடலாம் என்று சொன்னால், தயவுசெய்து இந்த ஆய்வை அவர் முன் வை. நேரத்தைக் குறைப்பது சரியான எண்ணம்தான். ஆனால் அந்த நேரம் யாருடைய தோளுக்குப் போகிறது என்று கேட்காமல் அதைச் செய்யக் கூடாது.

பணி மாற்றங்கள் கூடும்போது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோயாளியை ஒப்படைப்பதும் கூடுகிறது. அதற்கு ஐ-பாஸ் என்ற ஒழுங்கான ஒப்படைப்பு முறை இருக்கிறது. ஒன்பது மருத்துவமனைகளில் அதைக் கொண்டுவந்தபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 30 சதவீதமும் குறைந்ததாக 2014-இல் வெளியிட்டார்கள். ஒப்படைப்புக்கு ஆகும் நேரம் குறிப்பிடும்படி நீளவும் இல்லை.

தியான வகுப்பைப் பற்றிக் கேட்டாய். அது தீங்கானது என்று நான் சொல்ல மாட்டேன்; அதனால் ஆறுதல் பெறுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு அது கிடைக்கட்டும். ஆனால் மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்கச் செய்த முயற்சிகளை ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு, தனிமனிதரை மாற்ற முயன்றவற்றைவிட, வேலையின் அமைப்பை மாற்றியவை அதிகப் பலன் தந்ததாகக் காட்டியது. பணிச்சுமையைத் தொடாமல் மன உறுதியை மட்டும் கற்பிக்கும்போது, சோர்ந்தது உன் குறை என்ற செய்தியும் கூடவே போய்ச் சேர்கிறது. எனக்கு அதுதான் மிகவும் வலிக்கிறது. உலக சுகாதார அமைப்பே 2019-இல் பணிச்சோர்வைத் தனிமனிதரின் நோயாகப் பட்டியலிடாமல், சரியாகக் கையாளப்படாத பணிச்சூழலின் நீடித்த அழுத்தத்தால் உண்டாகும் தொழில்சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது.

கூடிப் பேசுவதற்குப் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது, அதன் நிபந்தனையை மட்டும் கவனி. மேயோ கிளினிக்கில் 74 மருத்துவர்களைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பிரிவினர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் சிறு குழுவாகக் கூடித் தங்கள் பணியின் அனுபவங்களைப் பேசினார்கள். ஒன்பது மாதங்களில் அவர்களுக்கு வேலையில் ஈடுபாடு கூடியது. நோயாளியைப் படுக்கை எண்ணாகப் பார்க்கும் விலகல் குறைந்தது. அந்த மாற்றம் சோதனை முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தது. அந்த ஒரு மணி நேரத்தை நிறுவனமே சம்பளத்துடன் கொடுத்திருந்தது. பணி முடிந்து வீட்டுக்குப் போகும் நேரத்தில் வைக்கும் வகுப்பை இதோடு ஒப்பிட முடியாது.

உனக்கு மிகவும் பிடிக்கும் என்று நினைத்து எடுத்து வைத்த ஆய்வு ஒன்று பிரேசிலிலிருந்து வந்தது. அங்கே 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், உறவினர் நாளொன்றுக்குப் 12 மணி நேரம் வரை உடனிருக்கலாம் என்ற ஏற்பாட்டையும், வழக்கமான குறுகிய பார்வை நேரத்தையும் ஒப்பிட்டு 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளியின் மனக்குழப்பம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். அதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. ஆனால் உறவினர்களின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. கதவைத் திறந்தால் ஊழியர்கள் மேலும் நொந்துபோவார்கள் என்ற அச்சம் எங்கும் உண்டல்லவா? அவர்கள் அதையும் அளந்தார்கள். ஊழியர்களின் பணிச்சோர்வு உறவினர் அதிகம் இருந்த காலத்தில் 22.0 சதவீதம், குறைந்திருந்த காலத்தில் 24.8 சதவீதம், புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, கூடியதாகவும் தெரியவில்லை. நோயாளிக்கும் ஊழியருக்கும் ஒரே சோதனையில் கணக்குப் பார்த்த இந்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கனடாவின் ஹாமில்டன் நகரில் டெபோரா குக் குழுவினர் தொடங்கிய மூன்று விருப்பங்கள் என்ற திட்டமும் அப்படிப்பட்டதே. தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்துகொண்டிருப்பவருக்காக அவரோ, குடும்பத்தினரோ, அவரைக் கவனிக்கும் ஊழியர்களோ சொல்லும் சில எளிய விருப்பங்களை நிறைவேற்றுவதுதான் அது. முதல் 40 நோயாளிகளைப் பற்றி 2015-இல் எழுதியபோது, கேட்கப்பட்ட விருப்பங்களில் ஏறத்தாழ அனைத்தும் நிறைவேறியிருந்தன. செலவும் மிகக் குறைவு. நேர்காணல்களில் குடும்பத்தினரோடு ஊழியர்களும் தங்களுக்கு இது ஏதோ ஒன்றைத் திருப்பித் தந்ததாகப் பேசினார்கள். நன்றாகக் கவனிக்க முடிவதே கவனிப்பவருக்கு மருந்தாகிறது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுபோன்ற ஆய்வுகளே காரணம்.

எழுத்து வேலையைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவர்களை நேரில் கண்காணித்த 2016-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்றில், பணி நேரத்தில் 27 சதவீதம்தான் நோயாளியோடு கழிந்தது, ஏறக்குறைய பாதி நேரம் கணினிப் பதிவுக்கும் மேசை வேலைக்கும் போனது. உரையாடலைக் கேட்டுக் குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்தச் சுமையைக் குறைக்கும் என்று இப்போது ஆய்வுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. முடிவுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் பலவும் சில வாரங்களே நீண்டவை, பெரும்பாலும் மருத்துவர்களைப் பற்றியவை. செவிலியர் நிரப்பும் படிவங்களுக்கு இவை உதவுமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதுவரை காத்திராமல், யாரும் வாசிக்காத படிவங்கள் எவை என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்வதை உங்கள் குழு நாளையே செய்யலாம்.

கூட்டத்துக்குப் போகும்முன் ஒன்று செய். கடந்த ஆண்டின் பணிப்பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு செவிலியருக்கு உண்மையில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்று எழுதிவை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கை வேண்டாம், அன்று பணிக்கு வந்திருந்தவர்களின் எண்ணிக்கை வேண்டும். அதன் அருகிலேயே படுக்கைப் புண், கீழே விழுதல், மருந்துப் பிழை ஆகியவற்றின் பதிவையும், விடுப்பிலும் விலகலிலும் போனவர்களின் பதிவையும் வை. மற்ற நாட்டு எண்களுக்குச் செவிசாய்க்காதவர்கள்கூடத் தங்கள் வார்டின் எண்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தியான வகுப்பை ஏற்றுக்கொள், ஆனால் அது பணி நேரத்துக்குள் நடக்க வேண்டும், அந்த நேரத்தில் படுக்கையருகே நிற்க வேறொருவர் இருக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதச் சொல்.

அட்டவணையைத் தயாரித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு; கணக்கை நான் சரிபார்த்துத் தருகிறேன். இரவுப் பணியில் அண்மையில் சேர்ந்த இளம் செவிலியர்கள் வேலையை விட்டுப் போவதைப் பற்றி நீ எழுதியதற்கு இந்தக் கடிதத்தில் இடம் போதவில்லை. அவர்களில் எவரேனும் மனம் விட்டுப் பேச விரும்பினால் என்னைத் தொடர்புகொள்ளச் சொல். கூட்டத்தில் என்ன முடிவானது என்று மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி