பதினாறு கண் பாலத்திலிருந்து

பிராக், இரவு 9 மணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ மணிக்கணக்குப் போட்டுக் கொடுத்த பட்டியலில் பாதிகூட நாங்கள் பார்க்கவில்லை. கோட்டைக்கு நீ முன்கூட்டியே வாங்கிய இரண்டு டிக்கெட்டும் என் கைப்பையில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன.

காலை ஒழுங்காகத்தான் தொடங்கியது. பழைய நகரச் சதுக்கத்தில் 1410ஆம் ஆண்டுக் கடிகாரத்தின் முன்னால் பத்து மணிக்கு நின்றோம். எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்கிறது, மேலே ஜன்னல் திறந்து ஏசுவின் சீடர்கள் ஒவ்வொருவராகத் தலைகாட்டிப் போகிறார்கள், அவ்வளவுதான். எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்ததில் நான் பார்த்தது பெரும்பாலும் அடுத்தவர் திரையில்.

பிறகு அப்பாவின் ஆசைக்காகச் சார்லஸ் பல்கலைக்கழகம். 1348இல் தொடங்கியது. கமில் சுவெலபில் இந்த ஊரில் பிறந்து, இங்கே படித்து, சங்கப் பாடல்களில் ஆயுளைச் செலவிட்டவர் என்று வாசலில் நின்றே எனக்கு ஒரு பாடவேளை நடத்திவிட்டார். உள்ளே போகலாமா என்றேன். வாசலே போதும் என்றார். ஓய்வு பெற்ற தமிழாசிரியரை என்ன செய்வது?

பதினொன்றரைக்குச் சார்லஸ் பாலத்தில் கால் வைத்தோம். நீ எழுதியிருந்தது: "பாலம், 30 நிமிடம்." மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, பாப்பா.

பாலத்தின் கண்களை, அதாவது வளைவுகளை, எண்ணினேன். பதினாறு! மேட்டூரின் பதினாறு கண் மதகு நினைவுக்கு வராமல் இருக்குமா? 516 மீட்டர் நீளம், முழுக்கக் கல். முன்பிருந்த பாலத்தை 1342இல் வெள்ளம் கொண்டுபோன பிறகு, நான்காம் சார்லஸ் மன்னர் 1357ஆம் ஆண்டு 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அடிக்கல் நாட்டினார் என்பார்கள். வரிசையாக எழுதிப் பார்: 135797531. ராகு காலம் பார்த்து டெண்டர் திறந்த அலுவலகத்திலிருந்து வந்தவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சுண்ணாம்புக் காரையில் முட்டை கலந்தார்கள் என்றும் கதை. ஊர் ஊராக முட்டை கேட்டபோது, வெல்வரி என்ற ஊர்க்காரர்கள் வழியில் உடையாமலிருக்க அவித்து அனுப்பினார்களாம்! செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு வெள்ளைக்கரு சேர்ப்பது தெரிந்த நாம் அந்தக் கதையில் பாதியையாவது நம்பலாம்.

சிலைகள் முப்பது. எல்லோரும் நெபோமுக் புனிதரின் சிலைக்கடியில் இருக்கும் வெண்கலத் தகட்டைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். வல்டாவா ஆறு வரும் பக்கத்தில், தூண்களுக்கு முன்னால் தண்ணீருக்குள் கனமான மரக்கட்டைகளைக் கூரைபோலச் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். எதற்கென்று முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது, பனிக்கட்டிக்கு! உறைந்த ஆறு உடைந்து வரும்போது பாளங்கள் தூணில் மோதாமல் இந்தக் கட்டைகள் தாங்கிக்கொள்கின்றன. முப்பது வருடம் பொதுப்பணித் துறையில் இருந்தேன். வெள்ளத்துக்கும் மணல் அரிப்புக்கும் கணக்குப் போட்டிருக்கிறேன். பனிக்கட்டிக்கு ஒருநாளும் போட்டதில்லை.

1890 வெள்ளத்தில் மிதந்து வந்த மரங்கள் கண்களை அடைத்துக்கொண்டு, மூன்று கண்கள் இடிந்துபோயின. அது எனக்குத் தெரிந்த கதை. அடைமழையில் இரவெல்லாம் லாந்தருடன் நின்று, பாலத்தில் சிக்கிய பனைமரங்களை ஆள்வைத்து எடுத்தபோது உனக்கு நாலு வயது. ஆச்சி வீட்டில் அழுதுகொண்டு கிடந்தாய்.

நீ கடைசி நேரத்தில் வர முடியாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை என்று போனில் சொன்னேன். இருந்தது. ஆனால் நீ வந்திருந்தால் முப்பதாவது நிமிடத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாய்.

அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். கோட்டைக்கு ஏறும் படிகள் அவருக்கு ஆகாது. அக்டோபரில் உனக்கு விடுமுறை கிடைத்தால் நீயும் நானும் மட்டும் வரலாம். டிக்கெட் இந்த முறை என் செலவு.

இதைப் படம் பிடித்து இப்போதே அனுப்புகிறேன். பஸ் நாளை மாலைதான் மியூனிக் வரும். நிலையத்துக்கு ஓடிவராதே, வழி தெரியும். இட்லி மாவைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து காலையிலேயே எடுத்து வெளியே வை.

அம்மா