கறுப்புக் கொள்ளு விதையையும் காப்பாற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மானாவாரி நிலங்களில் கொள்ளு சாகுபடியைப் பெருக்க வலியுறுத்தும் தங்கள் தலையங்கம் கண்டேன். வரவேற்கிறேன், ஆனால் பரப்பைப் பேசிய தலையங்கம் விதையைப் பேசவில்லை. பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கொள்ளு ரகங்கள் நல்லவைதாம். அவற்றையே எல்லா வயல்களிலும் நிரப்பினால், நிறம், பருமன், தோலின் தடிப்பு என்று ஊருக்கு ஊர் வேறுபடும் நாட்டுக் கொள்ளு காணாமல் போய்விடும். புதிய ரகம் உருவாக்குவோருக்கு மூலப்பொருளே இந்த வேறுபாடுகள்தாம்.

எங்கள் மேட்டுக்காட்டில் பழுப்பு, கறுப்பு இரண்டையும் விதைக்கிறோம். கறுப்பு வேக நேரமாகும் (வீட்டில் முணுமுணுப்பு உண்டு); ஆனால் புரட்டாசி விதைப்புக்குப் பின் மழை ஏமாற்றிய ஆண்டில் அதுவே ஓரளவு காய் பிடித்தது. நிறம் கலந்திருந்தால் வியாபாரிகள் விலையைக் குறைப்பதால் அக்கம்பக்கத்தில் பலர் அதைக் கைவிட்டுவிட்டனர். வேளாண்மை விரிவாக்க மையங்கள் அறுவடைக் காலத்தில் ஊர்தோறும் விதை மாதிரிகளைத் திரட்டித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க வேண்டும். பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைகள் சட்டம் 2001-இன்படி, அவற்றை விவசாயிகளின் பெயரிலேயே பதிவு செய்யவும் உதவலாம்.

– ஒரு விவசாயி, காவேரிப்பட்டணம்