கொடைக்கானல் தோழிக்கு ஒரு கடிதம்

குன்னூர்

அன்புள்ள சரோஜாவுக்கு,

உன் மருமகளின் 20ஆம் வார ஸ்கேனில் குழந்தையின் இரைப்பை இதயத்தின் அருகே தெரிந்ததாகவும், பிறந்த அன்றே அறுவை சிகிச்சை செய்தால் சரியாகிவிடுமா என்றும் கேட்டிருந்தாய். ஸ்கேன் அறையிலேயே காலத்தைக் கழித்தவள் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் முழுமையாக மூடாததால் வரும் இக்குறை ஏறக்குறைய 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு, பெரும்பாலும் இடப்புறத்தில், ஏற்படுகிறது. துளையைத் தைத்துவிடலாம், பெரிதானால் ஒட்டு வைத்தும் மூடலாம். என் கவலையெல்லாம் நுரையீரலைப் பற்றியதுதான். குடலும் சில வேளை கல்லீரலும் மேலேறி இடத்தை அடைப்பதால் நுரையீரல் சிறுத்துப்போகிறது. அதன் இரத்தக் குழாய்கள் தடித்து, பிறந்தபின் அங்கே இரத்த அழுத்தம் கூடிவிடுகிறது.

ஆகவே அடுத்த ஸ்கேனில், துளைக்கு எதிர்ப்புற நுரையீரல் அந்த வாரத்துக்குரிய அளவில் எத்தனை விழுக்காடு இருக்கிறது, கல்லீரல் மேலேறியிருக்கிறதா என்று கேள். இடப்புறக் குறையில் 25 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் கடுமை. இதய எக்கோவும் பனிக்குட நீரில் குரோமோசோம் பரிசோதனையும் அவசியம். வேறு குறைகள் சேர்ந்திருந்தால் நிலைமையே மாறிவிடும்.

நுரையீரல் வளரட்டும் என்று கருவிலேயே குழந்தையின் மூச்சுக்குழாயில் பலூன் வைத்து அடைப்பதைப் பற்றி உன் மகன் படித்திருக்கிறான் போலும். 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இடப்புறக் கடுமையான நிலையில் பலூன் வைத்த குழந்தைகளில் 40 விழுக்காடும் வைக்காதவர்களில் 15 விழுக்காடும் பிழைத்து வீடு திரும்பின, குறைப்பிரசவமும் கூடியது. நடுத்தரக் கடுமையில் தெளிவான பயன் தெரியவில்லை. ஆகவே நுரையீரல் அளவு தெரியாமல் அதை நாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வலி வந்தபின் வத்தலக்குண்டு நோக்கி இறங்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதே. சென்ற வாரம் இங்கே மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை மூடியபோது, பிரசவத்துக்குப் போக வேண்டிய ஒரு பெண்ணைக் கோத்தகிரி வழியாகச் சுற்றி அனுப்பினோம். 36ஆம் வாரத்துக்கு முன்பே மதுரையில் வீடு பிடித்துத் தங்கவையுங்கள். இக்குறைக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பச்சிளங் குழந்தைப் பிரிவும் குழந்தை அறுவை மருத்துவரும் ஒரே கட்டடத்தில் இருப்பதே முக்கியம். பிறந்தவுடன் முகமூடி வைத்துக் காற்றை அழுத்தினால் குடல் ஊதி நுரையீரலை நெருக்கும் என்பதால், நேரே மூச்சுக்குழாயில் குழாய் வைத்து, மூக்கு வழியாக இரைப்பைக் காற்றை வெளியேற்றி, வென்டிலேட்டரை மெல்ல இயக்குவார்கள். பிறந்த அன்றே அறுப்பது பழைய வழக்கம். இப்போது மூச்சும் இரத்த அழுத்தமும் நிலைப்பட்ட பிறகே, சில நாள் கழித்துச் செய்கிறார்கள். தாமதம் என்று நினைத்துப் பதறாதே.

கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் என்று உன் சம்பந்தி சொன்னதை அந்தப் பெண்ணின் காதில் விழவிடாதே. அவள் செய்த எதனாலும் இது வரவில்லை என்பதை நீயே அவளிடம் சொல்.

ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலை அனுப்பு. மதுரையில் யாரைப் பார்ப்பது என்று அதைப் படித்தபின் எழுதுகிறேன்.

அன்புடன்,
ரெஜினா