சாவியைத் திருப்பினால் கரண்ட் போகும் கணினிக்கு

கண்ணு,

பழைய கணினி போர்டைக் காரில் மாட்டி பாட்டு, மேப் ஓட்டப் பார்க்கிறாய். நீ அனுப்பிய படத்தில் போர்டின் பெயர் தெளிவாகத் தெரிகிறது: இன்டெல் டி945ஜிஎஸ்இஜேடி. 2009 வாக்கில் வந்தது. 1.6 கிகாஹெர்ட்ஸ் ஆட்டம் என்270 பிராசசர், ஃபேன் இல்லை, 12 வோல்ட்டை நேராகச் சொருகலாம், ராம் அதிகபட்சம் 2 ஜிபி. காருக்கு இன்னும் உதவும் சாமான்தான், தூக்கிப் போடாதே. அதில் இருக்கும் விண்டோஸ் எக்ஸ்பியை மட்டும் எடுத்துவிடு.

எக்ஸ்பிக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் "எது ரொம்ப லைட்?" என்று கேட்டிருக்கிறாய். மேஜை மேல் இருக்கும் கணினிக்கு அது சரியான கேள்வி. காரில், டிஸ்க்கில் பாதி எழுதும்போது கரண்ட் போனாலும் எது பிழைக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். லைட்டா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

என்270 வெறும் 32-பிட். பெயரைப் பார்த்து ஏமாறாதே, ஆட்டம் 230, 330 எல்லாம் 64-பிட், இது இல்லை. இப்போதைய உபுண்டு 64-பிட் மட்டும்தான், அதனால் அது கிடையாது. டெபியன் 13-இலும் 32-பிட் பிசிக்கு இன்ஸ்டாலரோ கர்னலோ (சிஸ்டத்தின் மையப் பகுதி) இல்லை, 12-தான் கடைசி. கிராஃபிக்ஸில் உனக்கு அதிர்ஷ்டம்: 945 சிப்செட்டுக்கு லினக்ஸில் நல்ல டிரைவர் உண்டு. இதே காலத்து இசட்5 வரிசை ஆட்டத்தோடு வந்த ஜிஎம்ஏ 500 கிராஃபிக்ஸ் மாட்டியிருந்தால், வேறு போர்டு பார் என்று சொல்லியிருப்பேன்.

மிச்சத்தில் நான் பார்த்தது மூன்று. டைனி கோர், டெஸ்க்டாப்போடு சேர்த்தே சுமார் 25 எம்பி. முழுக்க ராமில் ஓடும், எப்போது பிடுங்கினாலும் அலட்டிக்கொள்ளாது. பாட்டு மட்டும் போதுமென்றால் அதுவே போதும். ஆனால் உனக்கு மேப்பும் வேண்டும், ஓபிடியும் (காரின் என்ஜின் விவரத்தைப் படிக்கும் இணைப்பு) வேண்டும். அதன் பொட்டலங்களில் இல்லாததை நீயே கம்பைல் பண்ண வேண்டியிருக்கும். பப்பியும் ராமில் ஓடக்கூடியதுதான், ஆனால் அணைக்கும்போது சேமிக்கவா என்று கேட்டுக்கொண்டு நிற்கும். காரில் அதற்குப் பதில் சொல்ல யார் இருப்பார்கள்?

என் தேர்வு ஆன்டிஎக்ஸ் 23, 32-பிட், சிஸ்வி இனிட் (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பழைய முறை) பதிப்பு. டெபியன் 12 மேல் கட்டியது, அதனால் வழி காட்டும் நேவிட், ஜிபிஎஸ்ஸைப் படிக்கும் ஜிபிஎஸ்டி, பாட்டுக்கு எம்பிடி எல்லாம் ஆப்ட் என்ற இன்ஸ்டால் கட்டளையிலேயே வந்துவிடும். திரைக்கு ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய ஜன்னல் மேலாளர் மட்டும் போதும், ஐகான் அலங்காரம் வேண்டாம்.

சாதாரண இன்ஸ்டால் செய்யாதே. பென்டிரைவில் பூட் செய்து, எஸ்எஸ்டியில் இரண்டு பார்ட்டிஷன் போடு: 8 ஜிபி சிஸ்டத்துக்கு, மீதி பாட்டுக்கும் மேப்புக்கும். பிறகு ஃப்ரூகல் இன்ஸ்டால். இதில் சிஸ்டம் முழுக்க சுருக்கிய ஒரே கோப்பாக இருக்கும், அதில் எதுவும் எழுதப்படாது. மாற்றங்களைச் சேமிக்க பெர்சிஸ்ட்-ரூட் வகையை எடு. மாற்றம் ராமில் இருக்கும், நீ சொன்னால்தான் டிஸ்க்குக்குப் போகும். பக்கத்திலேயே இருக்கும் ஸ்டாட்டிக்-ரூட்டைத் தொடாதே. அது ஒவ்வொன்றையும் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதும், நாம் தவிர்க்கப் பார்ப்பதே அதைத்தான். சேமிக்கும் முறையை மேனுவலில் வை, இல்லாவிட்டால் இதுவும் பப்பி மாதிரி கேள்வி கேட்கும். ரூட் கோப்பு 500 எம்பி போதும், அது ராமில்தான் உட்காரப்போகிறது. எல்லாம் சரியாக ஓடிய பிறகு ரீமாஸ்டர் செய்து (மாற்றங்களை அந்த ஒரே கோப்பிலேயே சேர்த்துப் புதிதாகக் கட்டி), பெர்சிஸ்டன்ஸை, அதாவது மாற்றம் சேமிக்கும் வசதியை, அடியோடு எடுத்துவிடு. பாட்டு பார்ட்டிஷனை ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) மவுண்ட் செய்.

இனி கரண்ட். நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். போர்டு 12 வோல்ட் கேட்கிறது என்று பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்காதே. வண்டி ஓடும்போது 14-ஐத் தாண்டும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9-க்கும் கீழே விழும். மினி-பாக்ஸின் டிசிடிசி-யூஎஸ்பி போல 6 முதல் 34 வோல்ட் வரை ஏற்கும் கன்வெர்ட்டர் வேண்டும். போர்டும் 7 அங்குலத் திரையும் சேர்ந்து 25 வாட் என்று வை. 12 வோல்ட்டில் அது இரண்டு ஆம்பியர்தான், ஆனால் 6 வோல்ட்டுக்கு விழும் நேரத்தில் நாலைத் தாண்டும். அதனால் பேட்டரிப் பக்கம் 7.5 ஆம்பியர் ஃபியூஸ். சாவி சிக்னலை இக்னிஷன் வயரிலிருந்து எடு. ஏசிசி வயர் (ரேடியோ போன்றவற்றுக்கான சாவி லைன்) பல கார்களில் ஸ்டார்ட் செய்யும் நொடியில் செத்துப்போகும், பாதி பூட்டில் நிற்கும் கணினிக்கு ஷட்டவுன் சொன்ன கதையாகும்.

சாவி திரும்பியதும் கன்வெர்ட்டர் போர்டின் பவர் பட்டன் முனைக்கு ஒரு தட்டு கொடுக்கும். சாவியை எடுத்ததும் இன்னொரு தட்டு, குறித்த நேரம் கழித்து முழுதாகக் கரண்ட்டை நிறுத்தும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பயாஸில் 'கரண்ட் வந்ததும் ஆன் ஆகு' என்று வைத்திருந்தால் போர்டு தானே எழும்பும், உடனே கன்வெர்ட்டரின் தட்டு வந்து அதை அணைத்துவிடும். போர்டு போச்சு என்று நினைக்கத் தோன்றும். பயாஸில் 'ஆஃபிலேயே இரு' என்று வை. கீபோர்டு இல்லையென்று நிற்கும் அமைப்பு இருந்தால் அதையும் எடுத்துவிடு. லினக்ஸ் பக்கம், பவர் பட்டன் தட்டினால் பெட்டி எதுவும் திறக்காமல் நேராக ஷட்டவுன் ஆக வேண்டும். அதற்கு எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, கன்வெர்ட்டரின் ஜம்பரில் (அமைப்பை மாற்றும் சின்னச் சொருகு) அதைவிட நீண்ட நேரத்தை அமை. சஸ்பெண்டில் விட்டுவைக்காதே, அதிலும் பேட்டரி மெல்லக் கரையும். அணையாமலே முழுதாக 20 வாட் ஓடினால், 45 ஆம்பியர்-அவர் பேட்டரி மறுநாளே வண்டியைக் கிளப்பத் திணறும்.

திரை கறுப்பாகவே நின்றால் பயப்படாதே. இல்லாத எல்விடிஎஸ் (லேப்டாப் வகை) திரை ஒன்று இருப்பதாகக் கர்னல் நினைத்துக்கொள்ளும், பூட் வரியில் அந்த எல்விடிஎஸ்-1-ஐ அணைத்தால் படம் வரும். டச்சில் எக்ஸ்-ஒய் மாறி இருந்தால் காலிபிரேட் செய்தால் போதும்.

ஜிபிஎஸ்ஸும் ஓபிடியைப் படிக்கும் ஈஎல்எம்327-உம் இரண்டுமே யூஎஸ்பி-சீரியல் என்றால், எதற்கு டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயர் கிடைக்கும் என்பது பூட்டுக்குப் பூட்டு மாறலாம். நேவிட் என்ஜினிடம் வழி கேட்டுக்கொண்டிருக்கும். பை-ஐடி பெயரால் (சாதனத்துக்கென்றே மாறாமல் இருக்கும் பெயர்) கொடுத்துவிடு. ஆக்ஸில் (கார் ஸ்டீரியோவின் பாட்டு உள்ளீடு) என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி கேட்டால் அது கிரவுண்ட் லூப் (இரண்டு கிரவுண்ட் வழிகள் சேர்ந்து உண்டாக்கும் இரைச்சல்), மென்பொருளில் தேடாதே. ஆக்ஸ் வயர் நடுவில் ஒரு ஐசொலேட்டர் போடு. கணினிக் கடிகாரம் பழைய தேதிக்கே திரும்பினால் போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும்.

கன்வெர்ட்டரை முதலில் தனியாக மாட்டி, மல்டிமீட்டரில் அவுட்புட் 12 காட்டுகிறதா என்று பார். அதற்கு முன் போர்டில் சொருகாதே. ஜம்பர் வைத்த பிறகு ஒரு படம் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா